மொதல்ல யாருக்கு வச்சாங்க?

அப்பா 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், திருவையாறு, பட்டுக்கோட்டை என்று எல்லா ரூட்டிலும் ஓடியிருக்கிறார். விசிலைப் பல்லில் கடித்தபடியே டிக்கெட் கிழிப்பார், சில்லறை எண்ணுவார், படியில் தொங்குகிறவனைத் திட்டவும் செய்வார். அந்த விசிலைக் கடித்த முன்பற்கள்தான் முதலில் ஆட ஆரம்பித்தன. சர்க்கரை, ஈறில் சீழ், பாதியில் விட்ட வைத்தியம். ஒவ்வொன்றாகப் போய், போன தீபாவளிக்குள் மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை.

பல்செட் செய்து கொடுத்தோம். மேல்செட் ஓரளவு நின்றது. கீழ்செட் பேசினால் எழும்பும், சாப்பிட்டால் நகரும், தும்மினால் கையில் வரும். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டு வைத்திருப்பார். யாராவது வந்தால் மட்டும் எடுத்து மாட்டுவார். கொஞ்ச நாளில், யாராவது வந்தாலே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவே இல்லை. "வயிறு சரியில்லடா" என்றார். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு பொம்மைத் தாடையை எடுத்துக் காட்டினார். எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூ, அதற்கு மேல் நிரந்தரமான பல் வரிசை, கழற்றவே வேண்டாம். ஃபுல் மவுத் இம்ப்ளான்ட். கூடவே எஸ்டிமேட் தாளையும் நீட்டினார். ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். அப்பா அந்தத் தாளைப் பார்க்கவில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இத மொதல்ல யாருக்கு வச்சாங்க? அந்த ஆளு நல்லா இருந்தாரா?"

டாக்டர் சிரித்துவிட்டு, "இப்போ லட்சக்கணக்கான பேருக்கு வச்சாச்சுங்க ஐயா" என்றார். அது கேள்விக்குப் பதிலில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மறுபடி கேட்டார். "புது வண்டி டெப்போவுக்கு வந்தா, மொத ட்ரிப்பு யாரு ஓட்டினா, பிரேக் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்காம ஏற மாட்டோம்டா." சரி, தேடிச் சொல்கிறேன் என்றேன். தினமும் ராத்திரி படித்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்வது வழக்கமானது. இந்தக் கட்டுரை அப்படிச் சொன்னதுதான்.

*

முதலில் ஒரு சின்ன சோதனை. நாக்கு மேல்பல்லில் படாமல் "தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள். "தஞ்சாவூர்" சொல்லிப் பாருங்கள். தகரமும் நகரமும் நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுவதால் பிறக்கின்றன என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். வகரம் பிறக்கப் பல்லும் இதழும் சேர வேண்டுமாம். பல் இல்லாத வாயில் நாக்கு ஈறில் வழுக்குகிறது, காற்று வழிந்துவிடுகிறது. தமிழ் என்ற பேருக்கே ஒரு பல் வேண்டியிருக்கிறது. "பல்லு போனா சொல்லு போச்சு" என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் எதுகைக்காக இல்லை.

31 வருஷம் ஊர்ப் பேர்களைக் கத்தியே சம்பாதித்த மனுஷனுக்கு ஊர்ப் பேர்கள் வாயில் நிற்கவில்லை. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டது வயசானதால் என்றுதான் நாங்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

*

இழந்த பல்லுக்குப் பதில் எதையாவது வைத்துக்கொள்ளும் ஆசை பழையது. ஹோண்டுராஸ் நாட்டின் உலுவா பள்ளத்தாக்கில் 1931-ல் ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. கி.பி. 600 வாக்கில் வாழ்ந்த ஒருவருடையது. மாயா நாகரிகத்தின் சின்னமாக அதைச் சொல்வார்கள். அதில் மூன்று முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் சிப்பி ஓட்டைப் பல் மாதிரியே சீவிச் செருகியிருந்தார்கள். செத்த பிறகு அலங்காரத்துக்கு வைத்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970-ல் பிரேசில்காரரான அமதேயு பாபியோ என்ற பல் மருத்துவர் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. செத்தவருக்கு எலும்பு வளராது. உயிரோடு இருந்தபோதே அடித்து இறக்கிய பல் அது. எலும்பும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கேள்விக்கு ஒருவகையில் இவர்தான் முதல் ஆள். ஆனால் இவர் பேர் நமக்குக் கிடைக்கவில்லை, இவருக்கு வைத்தவர் கற்ற வித்தையும் யாருக்கும் கைமாறவில்லை.

ஜப்பானில் வேறு வழி. 1538-ல் இறந்த நகாஓகா தேய் என்ற பௌத்தத் துறவியம்மாவின் பல்செட் இன்னும் இருக்கிறது. மரத்தில் குடைந்தது. மேல் அண்ணத்தின் அச்சுக்கு இம்மி பிசகாமல் குடைந்திருப்பதால், ஈரம் பட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் மேல்செட் நிற்பதும் இதே தத்துவத்தில்தான்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மூன்றாவது வழியில் போயின. அடுத்தவர் வாயிலிருந்து எடுத்துக்கொள்வது.

லண்டனில் ஜான் ஹன்டர் என்று ஒரு அறுவை மருத்துவர். 1771-ல் மனிதப் பற்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். ஒரு மனிதப் பல்லைப் பிடுங்கி சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார், அது அங்கே ஒட்டிக்கொண்டது. அந்தக் கொண்டை அவர் பேரிலுள்ள மியூசியத்தில் இருக்கிறது. சேவலுக்கு ஒட்டினால் மனிதனுக்கு ஒட்டாதா? ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் தாடையில் நடுவதை அவர் ஆதரித்தார். முதல் பல் அளவு சேராவிட்டால் என்ன செய்வது? அதற்காகப் பல் கொடுக்க நாலைந்து பேரை வரிசையில் தயாராக நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை.

அந்த வரிசையில் நின்றது யார் என்று தாமஸ் ரோலண்ட்சன் 1787-ல் வரைந்த கேலிச் சித்திரம் காட்டுகிறது. நடுவில் கரி படிந்த உடம்போடு, புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன். அவன் வாயில் டாக்டரின் கை. பக்கத்தில் பட்டுடுத்திய சீமாட்டி, அவன் பல்லுக்காகக் காத்திருக்கிறாள். கதவோரம் பல் கொடுத்து முடித்த இரண்டு பிள்ளைகள் தாடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். அதில் ஒன்று உள்ளங்கையில் இருக்கும் காசைப் பார்க்கிறது.

இவ்வளவும் செய்து அந்தப் பற்கள் நின்றனவா என்றால், இல்லை. சில மாதம், அதிர்ஷ்டமிருந்தால் சில வருஷம். அடுத்தவர் பல்லை உடம்பு அந்நியமாகப் பார்த்து வேரைக் கரைத்துவிடும். பல்லோடு நோயும் கைமாறிய செய்திகள் வர, பழக்கம் மெல்ல மங்கியது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். 1789 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவருக்கு மரப்பல் என்று ஒரு கதை உண்டு, அது பொய். ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியர் அவருக்கு நீர்யானைத் தந்தத்தில் செட் செய்து, ஸ்பிரிங் வைத்துப் பொருத்தினார். மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பல்லுக்காக செட்டில் ஒரு ஓட்டை விட்டார். வாஷிங்டனின் செட்டுகளில் மனிதப் பற்களும் இருந்தன. அவருடைய பண்ணைக் கணக்கேட்டில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது. கறுப்பர்களிடம் 9 பற்கள் வாங்கியதற்காக 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக. டாக்டர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்த டாக்டர், லெ மாயேர் என்ற பிரெஞ்சுக்காரர், நல்ல முன்பல் ஒன்றுக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாக விளம்பரம் செய்துகொண்டிருந்தவர். வாஷிங்டன் பண்ணையில் ஒரு பல் 14 ஷில்லிங்குக்கும் கீழே வந்து நிற்கிறது. அடிமையாக இருப்பவர் "விலை கட்டாது" என்று சொல்ல முடியுமா? பற்களின் எண்ணிக்கை கணக்கேட்டில் இருக்கிறது. பேர்கள் இல்லை.

இதைச் சொன்ன ராத்திரி அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மா சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பல்லக் குடுத்தவங்க அப்புறம் எப்பிடிரா சாப்ட்டாங்க?"

நான் படித்த எதிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பல்லில்லாதவருக்குத்தான் அது தோன்றியது.

உயிரோடு இருப்பவரிடம் வாங்குவது கஷ்டமானால் செத்தவர்கள் இருக்கிறார்கள். 1815 ஜூன் 18, வாட்டர்லூ. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் விழுந்த போர்க்களம். விழுந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நல்ல பல் உள்ளவர்கள். இருட்டியதும் குறடோடு வந்தார்கள். அந்தப் பற்கள் இங்கிலாந்துக்குப் போய்த் தந்தத் தகட்டில் பதிக்கப்பட்டு, பணக்காரர் வாய்களில் ஏறின. 'வாட்டர்லூ பற்கள்' என்றே அவற்றுக்குப் பேர் வந்தது. அதன் பிறகு எந்தப் போர்க்களத்திலிருந்து எடுத்தாலும் அந்தப் பேர் நின்றது.

*

இந்த வியாபாரத்தை மெல்ல முடித்து வைத்தவை பீங்கானும் ரப்பரும். கிளாடியஸ் ஆஷ் என்ற லண்டன் தட்டாருக்குப் பிணத்தின் பல்லைக் கையால் தொடவே பிடிக்கவில்லை. பீங்கானில் பல் செய்ய ஆரம்பித்து, 1830களில் அதையே தொழிலாக்கினார். 1850களில் கெட்டி ரப்பர் வந்தது. தாடையை அச்செடுத்து ரப்பரில் தட்டு வார்த்து அதில் பீங்கான் பல்லைப் பதித்தால் பல்செட் தயார். தங்கம், தந்தம் எதுவும் வேண்டாம். முதல் தடவையாகச் சாதாரண ஜனத்துக்கும் பல் எட்டியது.

உடனே அதற்கு ஒரு வேலி போட்டார்கள். அமெரிக்காவில் அந்த ரப்பரின் காப்புரிமை ஒரு கம்பெனியின் கையில். ஒவ்வொரு பல் மருத்துவரும் கப்பம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கோர்ட். கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேகன் ஊர் ஊராகப் போய்க் கேஸ் போட்டவர். 1879-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். பல்செட்டுக்காக ஒரு கொலை. அப்பாவுக்கு இந்தக் கதை மட்டும் ரொம்பப் பிடித்தது.

1930களின் கடைசியில் ரப்பரின் இடத்துக்கு அக்ரிலிக் வந்தது. அப்பாவின் டம்ளரில் கிடப்பது அதுதான். மலிவு, வலியில்லை, யார் வாயிலிருந்தும் எடுத்ததில்லை. ஆனால் ஆடுகிறது.

ஏன் ஆடுகிறது? பல் இருக்கும்வரை ஒவ்வொரு கடியின் அழுத்தமும் வேர் வழியாகத் தாடையெலும்புக்குப் போகிறது. அந்த அழுத்தம்தான் எலும்புக்குத் தீனி. பல் போனதும் அந்த விளிம்பு எலும்புக்கு வேலையில்லை. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, கரைத்துவிடுகிறது. முதல் வருஷத்தில் வேகமாக, பிறகு நிதானமாக, ஆயுசு முழுக்க. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சீக்கிரம் தேயும். போதாததற்கு நாக்கு வேறு அசைந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு அளவெடுத்துச் செய்த செட் நாலு வருஷத்தில் வேறு யாருடைய வாய்க்கோ செய்ததுபோல ஆகிவிடுகிறது. செட் அதேதான், அடியில் இருந்த தரை இறங்கிவிட்டது.

அப்படியானால் எலும்புக்குள்ளேயே ஒரு வேரை இறக்கினால்? அதற்கும் பலர் முயன்றார்கள். பல உலோகங்கள், பல வடிவங்கள்: திருகு, சுருள், தகடு. பெரும்பாலும் ஒரே முடிவு. உலோகத்தைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்தசை படரும், கொஞ்ச நாளில் ஆடும், சீழ் வைக்கும். அந்நியமான ஒன்றை எலும்பு நேரடியாகப் பற்றிக்கொள்ளாது என்பதே பாடப்புத்தகமாக இருந்தது.

*

1952, சுவீடன், லுண்ட் நகரம். பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளருக்குப் பல்லைப் பற்றிய யோசனையே இல்லை. எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் ஆன குட்டி ஜன்னலைப் பொருத்தி, அதன் வழியே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்ததும் அந்த ஜன்னலைக் கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று போனால், வரவில்லை. திருகினார், இழுத்தார். எலும்பு விடவில்லை.

அதை ஒரு எரிச்சலாக நினைத்து விட்டிருக்கலாம். அவர் அதிலேயே நின்றார். டைட்டானியத்தின் மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உடம்பு அந்நியமாகப் பார்ப்பதில்லை. எலும்பு அதன்மேல் நேரடியாகவே வளர்கிறது. நம் ஊரில் நடவு முடிந்த ஒரு வாரத்தில் வயலைப் பார்த்துவிட்டு "நாத்து புடிச்சுக்கிச்சு" என்பார்களே, அதுதான். பிரோனெமார்க் பின்னால் இதற்கு ஆசியோஇன்டக்ரேஷன் என்று பேர் வைத்தார்.

1965, கோத்தன்பர்க். இப்போது அப்பா கேட்ட ஆள் வருகிறார். யோஸ்டா லார்சன், வயது 34. பிறவியிலேயே தாடையும் முகவாயும் கோணல். பற்கள் இல்லை. சாப்பிடுவதும் பேசுவதும் பாடு. எந்த செட்டும் உட்கார முடியாத வாய். மனிதர்களில் அதுவரை யாருக்கும் இப்படி வைத்ததில்லை என்று தெரிந்தே அவர் சம்மதித்தார். கீழ்த்தாடையில் நாலு டைட்டானியத் திருகுகளை இறக்கி, ஈறைத் தைத்து மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு ஈறைத் திறந்து அவற்றின்மேல் பல் வரிசையைப் பூட்டினார்கள். லார்சன் 2006-ல் இறந்தார். அதுவரை, 40 வருஷம், அந்தத் திருகுகள் அவர் வாயில் வேலை செய்தன.

"பென்ஷன் வாங்குற வரைக்கும் வண்டி ஓடியிருக்கு" என்றார் அப்பா.

சுவீடனின் பல் மருத்துவப் பேராசிரியர்கள் இதை லேசில் ஏற்கவில்லை. பிரோனெமார்க் பல் மருத்துவரே இல்லை என்பது ஒரு குறை. பழைய இம்ப்ளான்ட்டுகள் நாறிப்போனதைப் பார்த்தவர்கள் வேறு. பத்து வருஷத்துக்கு மேல் கேலியும் சண்டையும். 1970களின் நடுவில் நோயாளிகளைப் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் அரசு இசைந்தது. 1977-ல் பத்து வருஷ முடிவுகள் புத்தகமாக வந்தன. 1982-ல் கனடாவின் டொரான்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது.

முழு வாய்க்கும் பல் கட்டும் இன்றைய முறையில் இன்னொரு ஊருக்கும் பங்கு உண்டு. 1990களில் லிஸ்பனில் பவுலோ மாலோ என்ற மருத்துவர், பின்பக்கம் எலும்பு தேய்ந்தவர்களுக்கு என்ன செய்வதென்று யோசித்தார். முன்னால் இரண்டு திருகுகளை நேராகவும், பின்னால் இரண்டைச் சாய்த்தும் இறக்கினார். சாய்த்தால் நல்ல எலும்பில் நீளமான திருகு இறங்கும், நரம்பும் தப்பிக்கும். நாலே திருகில் ஒரு தாடையின் மொத்த வரிசை, அதுவும் பெரும்பாலும் அன்றைக்கே. டாக்டர் கையிலிருந்த பொம்மை அதுதான்.

*

எல்லாம் சொல்லி முடித்த பிறகு எஸ்டிமேட் தாளை எடுத்து நடுவில் வைத்தோம். "பல்லு இருக்கிறவன் பக்கோடா திங்கிறான்" என்று நாம் சும்மா சொல்வோம், வசதி இருக்கிறவன் அனுபவிக்கிறான் என்ற அர்த்தத்தில். அந்தத் தாளில் பழமொழிக்கு உவமையே தேவைப்படவில்லை. டைட்டானியத்துக்காக யாரும் வரிசையில் நின்று வாயைத் திறக்க வேண்டியதில்லை. அது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் சீமாட்டியின் நாற்காலி இன்னும் சீமாட்டிக்குத்தான்.

கடன் வாங்கலாம் என்றேன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேணாம்."

நான் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். அவர்தான் 2002-ல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடி எடுத்த முடிவைச் சொன்னார். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட் போதாது; குறைந்தது இரண்டு திருகுகள் இறக்கி, செட்டை அதன்மேல் பட்டன் மாதிரி மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று. மேலே பழைய செட்டே போதும், கீழே இரண்டு. அப்பாவின் பி.எஃப். மிச்சத்துக்குள் அடங்கும். மறைக்காமல் மற்றதையும் சொன்னார். ராத்திரி கழற்றிக் கழுவ வேண்டும். சுத்தமில்லாவிட்டால் திருகைச் சுற்றியும் ஈறு அழுகும். நிஜப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார் இருக்கிறது, சோற்றில் கல் கடிபட்டால் உடனே சொல்வது அதுதான். திருகுக்கு அந்த நார் கிடையாது. அதனால் அரிசியை நன்றாகப் பொறுக்குங்கள் என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் மூணு மாசச் சர்க்கரை இறங்க வேண்டும் என்றார்.

அப்பா இறக்கினார். டீயில் சீனி போனது, தெருமுனை ஜிலேபி போனது. பங்குனியில் திருகுகளை வைத்தாயிற்று.

இப்போது காத்திருக்கிறோம். வெளியே எதுவும் தெரியாது. வாய் பழையபடி பொக்கையாகத்தான் இருக்கிறது, செட் டம்ளரில்தான் கிடக்கிறது. உள்ளே எலும்பு என்ன செய்கிறதோ அது தன் பாட்டுக்கு நடக்கிறது. ஆனால் யாராவது வந்தால் அப்பா உள்ளே போவதில்லை. வாசலில் உட்கார்ந்து, வாஷிங்டன் கணக்கேட்டின் கதையை வழுக்கும் வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பது பல், ஆறு பவுண்டு இரண்டு ஷில்லிங், பேர் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறார்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"புடிச்சிருக்குமாடா?"

"புடிச்சிருக்கும்ப்பா."